பாடாமல் ஒருவரையும் மண்ணுக்குக் கொடுக்காதவர்: வன்னியில் ஒரு பரிசுத்த வாரப் பயணம்

குருத்து ஞாயிறு: வவுனியாவிலிருந்து மடுவுக்கு

வவுனிக்குளத்தை அண்டிய குடியேற்றக் கிராமம் ஒன்றில் 2013ஆம் ஆண்டு, தமது 92ஆவது வயதில் காலமான கத்தோலிக்கக் கோயிற் பாடகர் ஒருவரின் வாழ்க்கையை விசாரித்து எழுதுவதற்காக இன்று காலை வவுனியாவிலிருந்து புறப்பட்டேன். பாட்டைச் சொல்லிக் கொடுப்பவர் என்ற பொருளில் ஊரார் அவரை அண்ணாவியார் என்றே அழைத்தனர். பெயரையும் கிராமத்தையும் வெளியிட வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டிருப்பதால், இந்தக் குறிப்புகள் முழுவதிலும் நானும் அவரை அப்படியே குறிப்பிடுவேன். இளமையில் அவர் பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையின் கரையோரப் பீரங்கிப் படையில் பணியாற்றி, இரண்டாம் உலகப் போரைத் திருகோணமலையில் கண்டவர். அதற்குப் பின்னர், கைத்தடி இல்லாமல் எழுந்து நிற்க முடியாத வயது வரைக்கும், தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் புலம்பலாகப் பாடும் பசாமுக்கும் இறந்தோருக்கான பாடல்களுக்கும் முன்னின்று குரல் கொடுத்தவர்.

சங்கீதம் கற்பிப்பது என் தொழில். என்னிடம் பயிலும் பிள்ளை ஒருத்தி சென்ற தவக்காலத்தில் ஒரு பசாம் அடியைப் பாடிக் காட்டியபோது, அதன் ஈற்றில் குரல் இறங்கிய விதம் யாழ்ப்பாணத்திலோ மன்னார்த் தீவிலோ நான் கேட்டிராததாக இருந்தது. "அம்மம்மாவிட்டப் பழகினது ரீச்சர், அவ அண்ணாவியாரிட்டப் பழகினவ" என்றாள். அந்த மெட்டுகளை முழுமையாகப் பாடக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே, அவர்களும் வயதானவர்கள். பாட்டை மட்டும் ஒலிப்பதிவு செய்துகொண்டு, அதைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரை விட்டுவிட்டு வருவது நியாயமாகாது என்று எனக்குப் பட்டது. பரிசுத்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இந்தப் பகுதியின் மூத்த பெண்கள் தவக்காலத்திலும் செத்தவீட்டிலுமன்றி வேறு நாட்களில் பசாமை வாயெடுக்க மாட்டார்கள்; மற்ற நாளில் பாடினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர்களின் நம்பிக்கை.

பூவரசங்குளம், பறையனாலங்குளம் வழியாக வந்த மன்னார்ப் பேருந்திலிருந்து மடுச் சந்தியில் இறங்கி, காட்டு வழியாக மடு மாதா திருத்தலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குருத்தோலைப் பவனி முடிந்து பூசை நடந்துகொண்டிருந்தது. வாயிலில் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவின்போது தேவாலயங்களில் நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர் வந்த வழக்கம் இது. கைக்குழந்தையின் பால்போத்தல் இருந்த பையைக்கூடத் திறந்து காட்டிவிட்டு ஒரு தாய் முழந்தாளிட்டு வணங்கியதைப் பார்க்க மனம் கனத்தது.

மடுவின் வரலாற்றை இங்கே சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும், ஏனெனில் அண்ணாவியாரின் பாட்டுக்கு வேர் அதில்தான் இருக்கிறது. 1658இல் மன்னாரை ஒல்லாந்தர் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவில் ஒதுங்கின. 1687இல் ஜோசப் வாஸ் முனிவர் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேரும்வரை குருவும் பூசையும் இல்லாத அந்தச் சனங்களுக்கு, வாய்ப்பாடமாகத் தெரிந்த செபமும் பாட்டுமே வழிபாடாக இருந்தன. பின்னர் 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழைக் கற்று, கிறிஸ்துவின் பாடுகளைப் புலம்பலாகச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை எழுதினார். அதை ஒருவர் இராகமிட்டு வாசிக்க, மற்றவர்கள் பதிற்குரல் கொடுக்கும் வழக்கத்தையே நாங்கள் பசாம் என்கிறோம். குரு வராவிட்டாலும் கிறிஸ்தவன் பாடலாம் என்பது வன்னிக் கத்தோலிக்கரின் மிகப் பழைய அனுபவம். அண்ணாவியார் அதை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார்.

பூசை முடிந்தபின் கோயிற் பணியில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். 1999 நவம்பர் 20ஆம் நாள் இந்த வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். அவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அண்ணாவியார் துவிச்சக்கரவண்டியில் பேரன் ஒருவனை மிதிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து வந்தாராம். "அப்ப அவருக்கு எழுபத்தெட்டு வயது, பிள்ளை. வந்து தண்ணிகூடக் குடிக்கேல்லை. நேரே போய் நிண்டு பாடினார்" என்று பெரியவர் சொன்னார்.

திங்கள்: மாந்தைக் கரையோரம்

முருங்கன் வரைக்கும் ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று என்று மாறி, மதியத்துக்குச் சற்று முன்னர் பூநகரி வீதியில் விடத்தல்தீவை அண்டிய கரைக்கு வந்தேன். அண்ணாவியார் 1921இல் பிறந்தது இந்தப் பகுதியில்தான். அவரது தந்தையும் அண்ணாவியாரே. மாதோட்டப் பாங்கில் கூத்துகளையும் வாசகப்பா என்னும் நாடகங்களையும் பழக்கி மேடையேற்றியவர். இங்கே அண்ணாவியார் என்பவர் பாட்டைச் சொல்லிக் கொடுப்பவர் மட்டுமல்லர். யார் எந்த வேடத்துக்குப் பொருத்தம் என்பதையும், மத்தளக்காரன் எங்கே உட்கார வேண்டும் என்பதையும், விடியுமுன் கூத்து முடிகிறதா என்பதையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாவியாரின் தம்பி முறையான ஒரு முதியவர் வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்தார். சிறுவயதில் அண்ணாவியார் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவதற்காகவே அழைக்கப்பட்டதாகத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறார். அம்பாவில் முதற்குரல் கொடுப்பவன் இழுப்பவர்களின் மூச்சுக்கு ஏற்பப் பாட வேண்டும். அடி நீண்டுவிட்டால் கயிறு தளரும். பிற்காலத்தில் அவர் கோயிலில் ஓர் அடியையும் மூச்சுக்கு மிஞ்சி நீட்டவிடாததற்கு இந்தக் கடற்கரைப் பயிற்சியே காரணமாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

1941இல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, மாதாமாதம் சம்பளம் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தாராம். பெரியவருக்கு அதற்குமேல் தெரியவில்லை. மாலையில் வெள்ளாங்குளம் வந்து, அங்கிருந்து துணுக்காய் வழியாக மல்லாவிக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

செவ்வாய்: வவுனிக்குளம்

காலையில் அண்ணாவியாரின் மூத்த மகளின் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர்; அவரை நான் அக்கா என்றும் அவர் என்னை ரீச்சர் என்றும் அழைத்துக்கொண்டோம். முற்றத்து வேம்பின் கீழ் பாயை விரித்து, தேநீர் தந்துவிட்டு, உள்ளே போய் ஒரு பொதியை எடுத்து வந்தார். யூரியாப் பையை வெட்டித் தைத்த உறைக்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் கடைகளில் கணக்கெழுதும் நீட்டுக் கொப்பி ஒன்று. பலமுறை மட்டை மாற்றித் தைத்த அந்தக் கொப்பி அவர் படையில் இருந்த காலத்திலேயே தொடங்கப்பட்டது.

முதற் பக்கங்களில் ஊதா மையில், இலத்தீன் பூசைப் பாடல்கள் தமிழ் எழுத்தில் இருந்தன. 'கீரியே எலெய்சோன்' என்று தொடங்கி, இறந்தோருக்கான பூசையின் பாடல்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வோர் அடியிலும் மூச்செடுக்கும் இடத்தில் ஒரு நெடுங்கோடு. பெண்கள் சேரும் இடத்தில் ஒரு சிறு வட்டம். சில சொற்களின் கீழே பொருள் தமிழில் இருந்தது. பொருள் தெரியாத சொல்லின் கீழே புள்ளியிட்டு இடம் விட்டிருந்தார். பின்னர் வேறு மையில் அந்த இடங்கள் நிரப்பப்பட்டிருந்தன. பல ஆண்டுகள் கழித்து ஏதோவொரு பங்குச் சுவாமியிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டும். பொருள் தெரியாமல் பாடக்கூடாது என்ற பிடிவாதத்தை அந்தப் புள்ளிகளில் கண்டேன்.

போரைப் பற்றி அவர் வீட்டில் பேசியது குறைவு. "ஐயா அந்தக் கதை ஒருநாளும் தானா எடுக்கமாட்டார் ரீச்சர். நாங்கள் கேட்டாலும் ரெண்டு சொல்லோட நிப்பாட்டிப்போடுவார்" என்றார் அக்கா. அவர் சொன்ன அந்தச் சில சொற்களையும், பொதுவரலாறாக நாம் அறிந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறு காலையில், நகுமோ தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின்பின், ஏப்ரல் 9ஆம் நாள் காலை, அவை திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அண்ணாவியார் நின்றது கடலை நோக்கிய பீரங்கியில். எதிரிக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தால் சுடுவதற்காக வைக்கப்பட்ட அந்தப் பீரங்கியால் வானத்தில் போகும் விமானத்தை ஒன்றும் செய்ய முடியாது. குண்டுகள் விழுவதைப் பார்த்துக்கொண்டு தம் இடத்தைவிட்டு அசையாமல் நிற்பதே அன்று அவர்களின் கடமையாக இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் வேலைக்கு ஆட்களைப் பிரித்தபோது, இலத்தீன் பாடத் தெரிந்தவன் யாராவது உண்டா என்று படைக் குருவானவர் கேட்டாராம். சிறுவயதில் கோயிலில் கேட்டுப் பழகியிருந்ததால் இவர் கையுயர்த்தினார். அன்று தொடங்கிய வேலை அது. பெயர் தெரியாதவர்களும் இருந்தார்கள், எந்த மதம் என்று தெரியாதவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் பாடினார். "பாடாமல் ஒருத்தரையும் புதைக்கக்கூடாது" என்பது அதற்குப் பிறகு அவர் வாயில் அடிக்கடி வந்த வார்த்தையாம்.

கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பினால் வேறொரு பகுதி தொடங்குகிறது. நவம்பர் 2ஆம் நாள், சகல ஆத்துமாக்களின் நினைவு நாளில், வேண்டுதலுக்காக வாசிக்கும் பட்டியல் அது. முதல் வரியில் 'திருக்கோணமலையில் மரித்தோர்' என்றிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் 'கொக்கோஸ் தீவின் மூவர்' என்று எழுதியிருப்பதைக் கண்டபோது நான் சிறிது நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. 1942 மே 8ஆம் நாள் இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவில், அதே இலங்கைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த வீரர்கள் சிலர் தம் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டு மூவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் செய்தது சரியா பிழையா என்று அண்ணாவியார் எங்கும் எழுதவில்லை. ஆனால் துரோகிகளாகக் கொல்லப்பட்டவர்களைப் பல ஆண்டுகளாக ஒவ்வொரு நவம்பரிலும் நினைவுகூர்ந்த ஒரு கோயில் வன்னிக் காட்டுக்குள் இருந்தது என்பதை இதற்குமுன் யார் அறிவார்?

பட்டியல் அங்கிருந்து நீள்கிறது: 1964 டிசம்பர்ச் சூறாவளியில் மாண்டோர், குளத்தில் மூழ்கிய ஒரு பிள்ளை, பாம்பு கடித்து இறந்த இரு கமக்காரர், யானை அடித்த ஒருவர், 1999இல் மடுவில் மரித்தோர், 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கடல் கொண்டுபோனவர்கள். கடற்கோளின் மறுநாளே அவர் முல்லைத்தீவுக்குப் போய், உடல்களை ஒன்றாகப் புதைத்த இடங்களில் நின்று பாடினார் என்று அக்கா சொன்னார்.

படையிலிருந்து விலகி ஊருக்குத் திரும்பிய அவர், 1950களில் வவுனிக்குளத்தைப் புனரமைத்துக் காணி கொடுத்தபோது மனைவியோடு இங்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். வீட்டுக்குக் கூரை போடுமுன் கோயிலுக்கு ஓலைக் கொட்டில் போட்டவர்களில் அவரும் ஒருவர். பங்குச் சுவாமி மாதத்தில் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் செபமும் பாட்டும் இவருடைய பொறுப்பு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக வழிபாடு தமிழுக்கு வந்தபோது, இலத்தீன் பாட்டு இனி இல்லையே என்று சிலர் கவலைப்பட, இவர் மகிழ்ந்தாராம். கொப்பியில் அந்த ஆண்டுகளுக்குரிய பக்கங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. இலத்தீன் மெட்டின் நடையைத் தமிழ்ச் சொல்லுக்குப் பொருத்திப் பார்த்து, வெட்டி, மீண்டும் எழுதி, கடைசியில் தந்தையிடம் கற்ற கூத்து மெட்டுக்கே திரும்பியிருக்கிறார். என் பிள்ளை பாடிக் காட்டிய ஈற்றிறக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இந்தப் பக்கங்களில் புரிந்தது.

புதன்: அதே கிராமம்

இன்று எங்கும் போகவில்லை. அண்ணாவியாரிடம் பழகிய மூன்று பெண்களும், தாளம் போடுகிற ஓர் ஆணும் கோயில் விறாந்தையில் கூடினார்கள்.

பயிற்சிக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கைப் பற்றியே முதலில் பேசினார்கள். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னர் வரிசையில் நிற்க வேண்டும். செருப்பு வெளியே ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது 'நிற்கிறேன்' என்று பதில் வரவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது நிலவு நாட்களில் மட்டும் பயிற்சி வைத்தார். 1995 இறுதியிலும் 1996இலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கள் மெட்டைக் கொண்டுவந்தனர். எந்த மெட்டில் பாடுவது என்று முறுகல் வந்தது. ஓர் அடி உங்களுடையது, ஓர் அடி எங்களுடையது என்று பிரித்துக் கொடுத்து அவர் அதைத் தீர்த்தார். அந்தக் கலப்பிலேயே சில பாடல்கள் இன்றுவரை நிலைத்துவிட்டன.

ஆர்மோனியம் ஒருபோதும் இருந்ததில்லை. வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோன பின்னர் எங்கோ கிடைத்த ஒரு முழத் தண்டவாளத் துண்டை மரத்தில் தொங்கவிட்டு, அதையே கோயில் மணியாக அடித்தார்கள். அதன் ஒலி அடங்கும்போது கடைசியாக நிற்கும் சுரத்தையே அவர் ஆதார சுருதியாக எடுத்துக்கொள்வார். அந்தத் துண்டு இப்போது இல்லை. ஆனால் அவர்கள் பாடத் தொடங்கிய சுருதியை என் கைப்பேசியில் ஒத்துப் பார்த்தேன். மூவரும் தனித்தனியே தொடங்கியபோதும் அதே சுரத்தில் தொடங்கினார்கள்.

ஈற்றிறக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மூவரில் மூத்தவர் ஓர் அடியை மெதுவாகப் பாடிக் காட்டினார். கடைசி உயிரெழுத்தில் குரல் மூன்று படியாக இறங்குகிறது. இரண்டாம் படியில் சற்று நிற்கிறது. அது மூன்றாம் படியைத் தொடுமுன்பே பதிற்குரல் பாடுகிறவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். எனவே பாட்டில் எந்த இடத்திலும் ஒலி அறுவதில்லை. "காவல் மாறுற மாதிரி வேணும் எண்டு சொல்லுவார். அடுத்தவன் வந்து நிண்டாப் பிறகுதான் முதல் ஆள் போகலாம்" என்றார் அவர். நான் படித்த எந்த இசைப் பாடத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை.

அண்ணாவியாருக்கு வலக்காது கேட்காது. பீரங்கிப் பயிற்சியில் போன காது. அதனால் பாடற்குழு எப்போதும் அவருக்கு இடப்புறத்தில் நின்றது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற பெண்ணுக்கு இரு காதும் நன்றாகக் கேட்கும். குழு இன்றும் இடப்புறத்திலேயே நிற்கிறது.

பெரிய வியாழன்: வலைஞர்மடம்

அக்காவும் அவருடைய மகனும் நானுமாக ஒரு வானில் மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு வழியாகக் கடற்கரைக்குப் போனோம். பங்குனி வெயில் கடுமையாக இருந்தது. அக்கா வழியில் பேசவில்லை.

2008 செப்டெம்பரில் இறுதிப் போரால் மல்லாவிப் பகுதியிலிருந்து எல்லோரும் வெளியேறியபோது அவர்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் புறப்பட்டார்கள். பிரித்தானியர் கொடுத்த பதக்கம் இருந்த தகரப் பெட்டியை விட்டுவிட்டு, கொப்பியை மட்டும் அண்ணாவியார் தம் மார்போடு கட்டிக்கொண்டார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடமாகத் தள்ளப்பட்டு, 2009 மார்ச்சில் மாத்தளனுக்கும் வலைஞர்மடத்துக்கும் இடைப்பட்ட மணலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவருக்கு அப்போது வயது 88.

அக்கா சொன்னவற்றில் அவர் எழுத அனுமதித்தவற்றை மட்டும் எழுதுகிறேன். கடற்கரையில் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பதால் பதுங்குகுழி இடுப்பளவுதான். சேலைகளை வெட்டித் தைத்து மணல் நிரப்பிச் சுற்றிவர அடுக்கியிருந்தார்கள். இறந்தவர்களை அருகிலேயே, பாயிலோ தறப்பாளிலோ சுற்றிப் புதைக்க வேண்டியிருந்தது. கூப்பிட்டவர்களிடமெல்லாம் அண்ணாவியார் போனார், கூப்பிடாதவர்களிடமும் போனார். நடக்க முடியாதபோது பேரன் முதுகில் சுமந்து போனான். எறிகணை அதிகமாக இருந்தால் ஓர் அடி மட்டும் பாடுவார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த சைவக் குடும்பத்தில் ஒரு தாய் இறந்தபோது, அவர்களுக்குரியதைத் தாம் பாடுவது முறையல்ல என்று சொல்லி, தேவாரம் தெரிந்த ஒரு முதியவரைத் தேடி அழைத்து வந்தார். அந்த முதியவர் தேவாரம் முடித்தபின், நீங்களும் ஒன்று பாடுங்கள் ஐயா என்று இறந்தவரின் பிள்ளைகளே கேட்டார்கள்.

அவ்வாண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 10ஆம் நாள். அன்று பிற்பகல் பதுங்குகுழிக்குள் இருந்தபடி, பக்கத்துக் குழிகளில் இருந்தவர்கள் பதிற்குரல் கொடுக்க, அவர் பசாமை முதலிலிருந்து இறுதிவரை பாடினார். ஏப்ரல் 12 உயிர்ப்பு ஞாயிறு. திருகோணமலையில் பீரங்கியடியில் கழிந்த உயிர்ப்பு வாரத்திலிருந்து கணக்கிட்டால் இடையில் 67 ஆண்டுகள். ஏப்ரல் 20ஆம் நாள் இராணுவம் மாத்தளனுக்குள் நுழைந்தபோது மக்கள் வெள்ளத்தோடு அவர்களும் கடந்து போய், செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் சேர்க்கப்பட்டார்கள். அக்காவின் இளைய மகள் அவர்களோடு வரவில்லை.

அக்கா கடற்கரையில் ஓரிடத்தில் நின்றார், அதற்குமேல் நடக்கவில்லை. அவருடைய மகன் மெழுகுதிரி ஏற்றினான். காற்று அணைத்தது; மீண்டும் ஏற்றினான். அந்த இடத்தில் அண்ணாவியார் தம் பேத்திக்குப் பாடிய அதே அடியை அக்கா பாடினார். நான் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவில்லை.

கொப்பியில் 2009க்குரிய பட்டியல் மூன்று பக்கம் போகிறது. சில இடங்களில் பெயர், சில இடங்களில் 'புளியமரத்தடித் தாய்', 'நீலச் சட்டைப் பையன்' என்று மட்டும் இருக்கிறது. இறந்தவர் எவர் பக்கத்தவர் என்று எங்கும் குறிக்கப்படவில்லை. சீருடையோடு கிடந்தவர்களும் அதே வரிசையில் இருக்கிறார்கள். இந்தப் பக்கங்களை எவரும் நூலாக்கவோ காட்சிக்கு வைக்கவோ கேட்டு வரக்கூடாது என்பது குடும்பத்தின் முடிவு. அது சரியான முடிவு என்றே நானும் உறுதியாக நம்புகிறேன். அவை வழிபாட்டில் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டவை.

பெரிய வெள்ளி: மீண்டும் வவுனிக்குளம்

பிற்பகல் மூன்று மணிக்குச் சிலுவை வழிபாடு. மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டிய சிறிய கோயில் நிறைந்து, வெளியே வேம்படியிலும் சனங்கள் நின்றார்கள். வழிபாடு முடிந்து சுவாமி அடுத்த கிராமத்துக்குப் புறப்பட்ட பின்னர் பசாம் தொடங்கியது. மூன்று பெண்களும் முறைமாறி முதற்குரல் கொடுத்தார்கள். இளையவர்களில் பாதிப்பேர் கைப்பேசியில் எழுத்தைப் பார்த்துப் பாடினார்கள். மூத்தவர் ஒருவர் அதைத் தடுக்க முயன்றபோது தலைமை தாங்கிய பெண் வேண்டாம் என்று சைகை காட்டினார். வந்து நிற்கிற பிள்ளையை வெளியே அனுப்பாதே என்பதும் அண்ணாவியார் சொன்னதுதானாம்.

முகாமிலிருந்து 2010இல் ஊர் திரும்பியபின் அவருக்கு மூன்று தவக்காலங்கள் கிடைத்தன. அதற்குள் ஆறு பிள்ளைகளைப் பழக்கினார். கடைசித் தவக்காலத்தில் குரல் முற்றாகப் போய்விட, கட்டிலில் கிடந்தபடி விரலால் மூச்சிடங்களைத் தட்டிக் காட்டினாராம். அவருடைய அடக்கத்தில் முன்னின்று பாடியவள் அப்போது பதினான்கு வயதான ஒரு பிள்ளை. இன்று அவள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. இன்றைய பசாமின் இறுதிப் பகுதிக்கு அவளே முதற்குரல் கொடுத்தாள். இரண்டாம் படியில் குரல் நிற்கும் அந்த இடத்தை மூத்தவர்களைவிடவும் சுத்தமாக அவளிடமே கேட்டேன்.

பெரிய சனி: புறப்படுமுன்

நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் சொல்லியிருந்ததால் காலை ஆறு மணிக்கே விறாந்தையில் கூடி, தெரிந்த மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தோம். ஒவ்வொரு மெட்டையும் முதலில் தனிக்குரலிலும் பின்னர் பதிற்குரலோடும் பதிந்தோம். சொல்லை மட்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லியும் பதிந்தோம். ஒலிப்பதிவுகளின் ஒரு பிரதி குடும்பத்திடமும் இன்னொன்று பங்கிலும் இருக்கும். கொப்பியின் பாட்டுப் பக்கங்களை மட்டும் படம்பிடிக்க அனுமதி கிடைத்தது.

ஒரு மெட்டு மட்டும் முழுமையாக இல்லை. மாதா மகனின் உடலை மடியில் வாங்கும் பகுதிக்கு அவர் தனியாக வைத்திருந்த மெட்டு அது. இங்குள்ளவர்களுக்கு முதல் இரண்டு அடியே நினைவில் நிற்கிறது. முகாமில் அவரிடம் அதை முழுமையாகக் கற்ற ஒரு பெண் முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறார். அக்காவின் கைப்பேசியில் அவருடன் பேசினேன். முழுவதும் தெரியும் என்றார். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். நாளை உயிர்ப்பு ஞாயிறு, இனி அதைப் பாடக்கூடாது, அடுத்த தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்து வாருங்கள் என்று சொல்லி, தம் வீட்டுக்கு வரும் வழியை இப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னார்.